எனக்கு மனசு சரியில்லாததால்தான் என் குழந்தை சிரிக்கவில்லையா?

குழந்தைக்கு இரண்டரை மாதம், இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, நீங்களோ பிரசவத்திலிருந்தே அழுதுகொண்டிருக்கிறீர்கள். ‘தாயின் மனச்சோர்வு குழந்தையைப் பாதிக்கும்’ என்று எங்கோ படித்துவிட்டு, நான்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் ஐந்து மாதம் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் பக்கம். எனக்கு இரண்டாவதும் பெண். பார்க்க வந்தவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, “மறுபடியும் பொண்ணா” என்றார்கள். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தூளியில் போடுவது எல்லாம் நடந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றாது. அவள் தூக்கத்தில் சிரிக்கும்போது, “நரி விரட்டுது பாரு” என்பார் என் அம்மா. முழித்திருக்கும்போது ஏன் என்னிடம் சிரிக்கவில்லை என்றுதான் என் மனம் போகும்.

நீங்கள் படித்தது அநேகமாக ‘அசையாத முகம்’ சோதனையைப் பற்றி இருக்கும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக்கும் அவருடைய குழுவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வு அது. அம்மா முதலில் வழக்கம்போல் குழந்தையைக் கொஞ்சுவார். அப்புறம் சில நிமிடங்கள் பேசாமல், முகத்தை அசைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கைகாலை உதைக்கும், குரல் கொடுக்கும். எதற்கும் பதில் வராவிட்டால் முகம் வாடி வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும். இதைப் படித்த அன்று நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

ஆனால் அந்தச் சோதனைக்கு மூன்றாவது பகுதி ஒன்று உண்டு. அம்மா மறுபடி பேசத் தொடங்குவார். குழந்தை கொஞ்சம் சிணுங்கும், கோபம் காட்டும், பிறகு சேர்ந்துகொள்ளும். ட்ரானிக் அதன்பின் பல ஆண்டுகள் பார்த்ததில், எந்தக் குறையும் இல்லாத தாய்க்கும் குழந்தைக்கும்கூட சுமார் 30 சதவீத நேரம்தான் உணர்வு ஒத்துப்போகிறது. மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் திரும்பச் சரிசெய்வதும்தான். குழந்தை கற்றுக்கொள்வது அந்தச் சரிசெய்தலில்தான் என்கிறார். நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு இருக்க வேண்டும் என்று நான் என்னையே வதைத்துக்கொண்டிருந்தேன். அப்படி எந்தத் தாயும் இருப்பதில்லை.

பாதிப்பே இல்லை என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். மனச்சோர்வு நீண்டால் குழந்தையின் முகபாவமும் மங்கும்; டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர் 1988-இல் காட்டியது போல, வேறு பெண்மணி கொஞ்சினாலும் அந்த மங்கல் தெரிகிறது. ஆனால் அவருடைய குழுவே பின்னால் இன்னொன்றையும் பார்த்தது. மனச்சோர்வு இல்லாத அப்பாவிடம், பழகிய காப்பக ஆசிரியையிடம் அதே குழந்தைகள் நன்றாகவே முகம் மலர்ந்தன. இதைப் படித்துவிட்டுத்தான் என் கணவரிடம் தினமும் மாலை அரைமணி நேரம் குழந்தையைக் கொடுத்தேன். அவள் முதலில் சிரித்தது அவரிடம்தான். எனக்குப் பொறாமை வரவில்லை, மூச்சு வந்தது.

அப்புறம், என்னை உலுக்கியது எங்கள் ஊர்ப் பக்கத்து ஆய்வு. வேலூர் மாவட்டக் கிராமங்களில் 359 பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்திலும் பார்த்து, 2002-இல் வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டது: வறுமை, ஆண் குழந்தை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் வந்த துயரங்கள், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது. படித்தபோது யாரோ எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதியது போலிருந்தது. குழந்தைக்கு என் முகம் அசையாமல் இருந்தது உண்மை. என்னைச் சுற்றி இருந்த முகங்களும் அப்படித்தானே இருந்தன? பச்சை உடம்புக்காரியை அப்படி வைத்துவிட்டு, சிரி என்றால் எங்கிருந்து வரும்?

தடுப்பூசிக்குப் போனபோது சுகாதார செவிலியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்டார். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உங்களையே குறை சொல்லிக்கொண்டீர்களா என்று போகும். 1987-இல் எடின்பரோவில் உருவான கேள்வித்தாள் அது. அங்கிருந்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. எனக்கு அதுவும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து இரண்டு மாதத்தில் தலை நிமிர்ந்தது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்கள் வீட்டுக்கே போய் முறையாகப் பேசியதில், ஆறாம் மாதத்தில் 23 சதவீதத் தாய்மார்களுக்குத்தான் மனச்சோர்வு மிஞ்சியிருந்தது. அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 53 சதவீதம். இது குணமாகிற நோய்.

குழந்தைகள் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறார்கள், சிலருக்குக் கொஞ்சம் தள்ளிப்போகும். குறைமாதத்தில் பிறந்திருந்தால் இன்னும் தள்ளும். மூன்று மாதம் முடிந்தும் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை என்றால், உங்கள் மனசைக் காரணம் சொல்லிக்கொண்டு இருக்காமல் குழந்தை மருத்துவரிடம் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செவிலியர் கேட்ட அந்தப் பத்தில் கடைசிக் கேள்வி, உங்களுக்கே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு உங்கள் பதில் ஆமாம் என்றால் தடுப்பூசி நாள்வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.