பதில்: அஞ்சு தோட்டத்து உரக் கணக்கு ஒரே ஷீட்டுல ஒட்ட மாட்டேங்குது

சகோ, மலேசியாவுல தெலுக் இந்தான் பக்கம் அஞ்சு சின்னத் தோட்டக்காரங்க செம்பனை (எண்ணெய்ப் பனை) கணக்கை சேர்த்து அனுப்புனா ஆராய்ச்சிக்காரங்க திருப்பி அனுப்புறாங்கன்னு கேட்டிருந்தீங்க. உரத்தை மூட்டைன்னு எழுதாதீங்கலா, கிலோவுல எழுதி எந்த உரம்னும் போடுங்க, ஏன்னா யூரியாவுல நைட்ரஜன் 46 சதவீதம், அம்மோனியம் சல்பேட்ல 21 தான், நைட்ரஸ் ஆக்சைடு (பூமியைச் சூடாக்குற வாயு) எவ்வளவு வெளியாகுதுன்னு கணக்கு போடுறதே அந்த நைட்ரஜனை வச்சுதான். நிலம் எல்லாருக்கும் ஹெக்டர்லயே இருக்கட்டும் (1 ஹெக்டர்னா 2.47 ஏக்கர்). நிலம் தானா கம்புட்டா (முழுசா மக்காத செடிகொடி சேர்ந்த ஈர மண்) இருந்தா தண்ணி மட்டம் தரைக்குக் கீழ எத்தனை சென்டிமீட்டர்னு தேதியோட வேணும். அளக்காத நாளுக்கு சைபர் போடாதீங்க, காலியா விடுங்க, சைபர் போட்டா தண்ணி தரை வரைக்கும் நிக்குதுன்னு அர்த்தமாயிடும். அப்புறம் யார் பேரும் வேணாம், தோட்டத்துக்கு ஒரு நம்பர் போதும், யார் டேட்டாவை பார்க்கலாம்னு அஞ்சு பேர்கிட்டயும் முன்னாடியே கையெழுத்து வாங்கிடுங்க.