ஒன்பதரைக்கு மணி அடிக்க வேண்டாம்

கேள்வி: எட்டு வயது மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, ஜூன் முதல் நானே வீட்டில் சொல்லித் தருகிறேன். ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை, பாடத்துக்கு நாற்பது நிமிடம் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது வாரமே எல்லாம் தலைகீழ். அவன் அழுகிறான், நான் கத்துகிறேன், மாமியார் "பேசாம பள்ளிக்கூடத்துலயே சேத்துடு" என்கிறார். பாடத்திட்டத்தை எப்படித்தான் போடுவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்பது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து மேய்ப்பதற்குத்தான் மணியும் பீரியடும் வேண்டும். உங்கள் எதிரில் இருப்பது ஒரே பையன். எட்டு வயதில் உட்கார்ந்து படிக்க ஒன்றரை மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரம் போதும், அதுவும் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு.

தினமும் விடாமல் செய்ய வேண்டியவை இரண்டே: வாசிப்பு, கணக்கு. தமிழை வாய்விட்டு வாசிக்கட்டும், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன். அறிவியலையும் சமூக அறிவியலையும் நாள்தோறும் துண்டு துண்டாக வெட்டாமல், இரண்டு வாரம் ஒன்று, அடுத்த இரண்டு வாரம் மற்றொன்று என்று எடுங்கள். மாநிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்றாம் வகுப்புக்கு மூன்று பருவமாகப் பிரித்திருப்பார்கள், அதுவே உங்களுக்கு ஆண்டுத் திட்டம். அதற்கு மேல் நுணுக்கமாக இரண்டு வாரத்துக்கு மட்டும் எழுதுங்கள், அதிலும் வெள்ளிக்கிழமையைக் காலியாக விட்டுவிடுங்கள்.

ஏன் காலியாக என்றால், என் மகள் இதே வயதில் 302-லிருந்து 147-ஐக் கழிக்கச் சொன்னபோது நடுவில் இருந்த பூஜ்யத்தில் அப்படியே நின்றுவிட்டாள், பக்கத்து எண்ணிடம் கடன் வாங்கு என்று நான் பத்து தடவை சொல்லியும் ஏறவில்லை. கடைசியில் மூன்று நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் வைத்து, எனக்கு 147 ரூபாய் கொடு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சில்லறை மாத்தணும்மா" என்றாள். ஒரு நூறைப் பத்து பத்துகளாக, அதில் ஒரு பத்தை ஒற்றைகளாக மாற்றிக் கொடுத்துவிட்டு, மிச்சம் 155 என்று எண்ணிச் சொன்னாள். திட்டப்படி அந்த வாரம் வாய்பாடு. முழு வாரமும் சில்லறை மாற்றியே போனது, அப்புறம் அவளுக்குக் கழித்தலில் தடுமாற்றமே வரவில்லை. இப்படி ஒரு வாரம் வந்தால் தாங்குகிற இடம் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரு நோட்டு போடுங்கள். ராத்திரி ஐந்து வரி: இன்று என்ன செய்தான், எங்கே திணறினான், என்ன கேள்வி கேட்டான். அடுத்த இரண்டு வாரத் திட்டம் அதிலிருந்து தானாக வரும். மாமியாரிடமும் அதையே காட்டுங்கள், முடிந்தால் கதை வாசிக்கும் நேரத்தை அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் பயமும் நியாயம்தானே. திரும்பப் பள்ளிக்கு அனுப்ப நேர்ந்தாலும் கதவு மூடிவிடாது, 6 முதல் 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. மாற்றுச் சான்றிதழை மட்டும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: மகளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டிலேயே படிக்கிறாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பலரும் போவது என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியில்தான். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், தமிழ் வழியிலும் எழுதலாம். ஐந்து பாடத்தில் தேற வேண்டும், ஆனால் ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். மாநில வழிதான் வேண்டும் என்றால் முதலில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டும், அதற்குப் பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். எந்த வழி என்பதை இந்த ஆண்டே முடிவு செய்யுங்கள், கையில் எடுக்கிற புத்தகமே அதைப் பொறுத்து மாறும். வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நன்றாகத் தெரிந்திருந்தும் மூன்று மணி நேரம் விடாமல் எழுதிக் கை பழகியிருக்காது. தேர்வுக்கு ஓராண்டு முன்பே வாரம் ஒரு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள்.