பிறர் கண்ணில் படும் நம் பலம்

மதிப்பிற்குரிய ஐயா,

காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பணிபுரிகிறேன். எங்கள் நிறுவனத்திலேயே மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல் நடந்தது. ‘உங்கள் பலம் என்ன?’ என்று கேட்டபோது என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியவில்லை. பிறகு நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கேட்டேன். ‘நல்லவன், உழைப்பாளி’ என்றார்கள். உடன் பணிபுரியும் ஒருவர் மட்டும், ‘கணக்கு எழுதுவதைக் கடைசி நாள் வரை தள்ளிப்போடுகிறாய், ஆனால் காய் கொண்டுவருபவர்கள் சண்டைக்கு நின்றால் உன்னைத்தான் தேடுகிறோம்’ என்றார். கணக்கைப் பற்றி அவர் சொன்னது என்னை மிகவும் வருத்தியது. பிறரிடம் கேட்டு நம் பலத்தை அறிய முடியுமா?

வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

அறிய முடியும். நீங்கள் கேட்டு வாங்கிய பதில்களில் ஒன்று உங்கள் பலத்தைச் சொல்லியும் இருக்கிறது. உங்கள் சக ஊழியர் இரண்டு செய்திகளைச் சொன்னார். குறையைப் பிடித்துக்கொண்டு வருந்திய நீங்கள், ‘உன்னைத்தான் தேடுகிறோம்’ என்பதை உபசார வார்த்தையாக எண்ணிக் கடந்துவிட்டீர்கள். குறையைச் சொல்லத் தயங்காத ஒருவர் நிறையை மட்டும் முகத்துக்காகச் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய சொல்லை நான் முழுதாக நம்புவேன்.

ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரு உளவியலாளர்கள் 1955ஆம் ஆண்டு முன்வைத்த ‘ஜோஹாரி சாளரம்’ என்னும் கருத்தில், பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. அங்கே நம் குறைகள்தான் ஒளிந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் திறமைகளும் அங்கேதான் கிடக்கின்றன. சிரமப்படாமல் கைவரும் ஒன்றைத் திறமை என்று எண்ண நமக்குத் தோன்றுவதேயில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கப்பட்டது, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன், 1989இல், இன்றைய கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். அக்குழுக்களில் குழுவை வழிநடத்தும் ஊக்குநரையும் பிரதிநிதியையும் உறுப்பினர்களே கூடித் தேர்ந்தெடுப்பார்கள். பென்னாகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் அப்படி ஊக்குநர் ஆனவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ‘எனக்கு என்ன தெரியும், வேறு யாரையாவது போடுங்கள்’ என்று மறுத்தவர். மற்றப் பெண்கள் விடவில்லை. யார் எந்த மாதம் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எத்தனை தவணை பாக்கி என்பதை நோட்டைப் பார்க்காமல் அவர் சொல்வார் என்பதையும், பாக்கி வைத்தவரைக் கூட்டத்தில் வைத்துக் கேட்காமல் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் தனியாகக் கேட்பார் என்பதையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். ‘இது எல்லாரும் செய்வதுதானே’ என்பது அவருடைய எண்ணம். எல்லாரும் செய்வதில்லை என்பது அந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே, யாரிடம் கேட்கிறோம் என்பது முக்கியம். நீங்கள் வேலையைக் கெடுத்தால் தாமும் நட்டப்படுகிறவர்களிடம் கேளுங்கள். உறவினர்கள் அன்பினால் சொல்வார்கள். அந்த அன்பு வேண்டும், ஆனால் இந்தக் கேள்விக்கு அது உதவாது. எப்படிக் கேட்கிறோம் என்பது அதைவிட முக்கியம். ‘என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால், முகத்துக்கு நேரே எதையும் சொல்லக் கூசும் நம் ஊரில், ‘நல்லவன்’ என்ற பதில்தான் வரும். நிகழ்ச்சியைக் கேளுங்கள். ‘என்னால் உங்களுக்கு ஒரு சிக்கல் தீர்ந்த நாள் நினைவிருக்கிறதா? அன்று நான் என்ன செய்தேன்?’ என்று கேளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் உருவாக்கிய பயிற்சி ஒன்றும் இதே வழியைத்தான் சொல்கிறது: நம்மை நன்கு அறிந்த பத்து முதல் இருபது பேரிடம், நாம் மிகச் சிறப்பாகச் செயல்பட்ட தருணங்களை எழுதித் தரும்படி கேட்க வேண்டும், அவற்றில் திரும்பத் திரும்ப வருவது எது என்று பார்க்க வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதைத் தயங்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்கும் பருவத்தில் உங்கள் வாசலில் என்ன நடக்கும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். காத்திருந்து களைத்த விவசாயி, கழிவு என்று எடையில் குறைத்ததைக் கண்டதும் குரலை உயர்த்துகிறார். அப்போது உங்களைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் அவரைத் தரம் பிரிக்கும் இடத்துக்கே அழைத்துப் போய் ஒதுக்கிய காயைக் காட்டுகிறீர்களா, அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் நிற்கிறீர்களா, எடைச்சீட்டை வரிவரியாகப் படித்துக் காட்டுகிறீர்களா? உங்களுக்கே நினைவிருக்காது. எடைமேடையில் இருப்பவருக்கு நினைவிருக்கும். ஆண்டுதோறும் காய் கொண்டுவரும் விவசாயிகளுக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கும். அவர்களிடம் கேளுங்கள், அவர்கள் சொன்னதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள், இடையில் மறுத்துப் பேசாதீர்கள்.

கணக்கைத் தள்ளிப்போடுவது உண்மையென்றால், அன்றன்றைக் கணக்கை முடித்துவிட்டு வீட்டுக்குப் புறப்படும் வழக்கம் போதும். அதில் நீங்கள் பெரிய நிபுணர் ஆக வேண்டியதில்லை. பிறருக்குத் தொல்லை இல்லாமல் இருந்தால் சரி.

அடுத்த நேர்காணலில் அதே கேள்வி வந்தால், ‘பொறுமை’, ‘உழைப்பு’ என்று தொடங்காதீர்கள். எடைமேடையில் நடந்த ஒரு தகராறை, யார் வந்தார், என்ன கேட்டார், நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது என்று மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். கொள்முதல் பிரிவில் விவசாயிகளின் குறைகளைக் கேட்கும் பொறுப்பை உங்களிடம் தரும்படியும் அங்கேயே கேளுங்கள்.

அன்புடன்.