ஆப்ஷன் ஆட்டத்தை ஒழித்துவிட்டுத்தான் ஸ்பிரெட் வந்ததா?

ஒழிந்துவிட்டது என்று யார் சொன்னது? ஆப்ஷன் என்றால், எதிரணி ஆள் ஒருவன் என்ன செய்கிறான் என்று பார்த்து, பந்து யாரிடம் போவது என்று அந்த நொடியில் முடிவுசெய்வது. ஸ்பிரெட் என்றால் ஆட்களை மைதானத்தின் அகலத்துக்குப் பரப்பி ஆடுவது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை நீங்கள் டிவியில் மட்டும் பார்ப்பவர் என்று நினைக்கிறேன். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். சூட்சுமம் பந்து இல்லாத இடத்தில் இருக்கிறது.

2006-இல் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் படித்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக அணிக்கு ரிச் ராட்ரிகஸ் பயிற்சியாளர், பந்தை வீசும் அல்லது கைமாற்றும் குவார்ட்டர்பேக் பாட் வைட், அதை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் ஸ்டீவ் ஸ்லேட்டன். எனக்கு விதிகளே அரைகுறை. பக்கத்து இருக்கைப் பெரியவர், பந்தை விட்டுவிட்டு எதிரணித் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டைப் பார் என்றார். பார்த்தால், அவனை யாருமே தடுக்கவில்லை! வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வைட் பந்தை ஸ்லேட்டன் வயிற்றருகே நீட்டி, கையை எடுக்காமல், அந்த எண்டையே பார்க்கிறார். எண்ட் ஸ்லேட்டன் மேல் பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு அவன் காலிசெய்த பக்கமாக ஓட்டம். பாயாமல் நின்றால் பந்து ஸ்லேட்டனுக்கு. அந்த ஆளுக்கு முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும். அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

பயிற்சியாளர் எமரி பெல்லார்டு 1968-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு அமைத்துக் கொடுத்த விஷ்போன் என்ற பழைய ஆப்ஷன் ஆட்டத்திலும் இதே தந்திரம்தான். டெக்சாஸ் தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்தது. 1971-இல் ஓக்லஹோமா ஆட்டத்துக்குச் சராசரியாக 472 கெஜம் ஓடியே எடுத்தது. ஆனால் எல்லோரும் நடுவில் நெருக்கி நிற்பதால் எதிரணியும் அங்கேயே குவியும். பின்தங்கிவிட்டால் பந்தை வீசி மீள்வது கஷ்டம். ராட்ரிகஸ் 1990-களில் கிளென்வில் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் குவார்ட்டர்பேக்கை ஷாட்கன்னில், அதாவது முன்வரிசைக்குச் சில கெஜம் பின்தள்ளி, நிறுத்தினார், வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களை அகலப் பரப்பினார். பந்தைக் கைமாற்றத் தவறிய ஒரு பையன், எண்ட் உள்ளே பாய்வதைப் பார்த்து வெளியே ஓடினானாம். மார்கன்டவுனில் நான் பார்த்த அந்த ஆட்டம், ஜோன் ரீட், பிறந்தது அப்படித்தான் என்பார் ராட்ரிகஸ். பிறகு பயிற்சியாளர் அர்பன் மேயர் அதை யூட்டாவிலும் புளோரிடாவிலும் வளர்த்தார். 2010-இல் ஆபர்ன் அணிக்காக குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் ஓடியதும் இந்த வழியில்தான்.

"பயிற்சியாளர் மைக் லீச்சின் ஏர் ரெய்டு ஸ்பிரெட் இல்லையா?" என்று யாராவது கிளம்புவீர்கள். ஸ்பிரெட்தான் ஐயா. அது வீசுகிற குடும்பம். நான் சொல்வது ஓடுகிற குடும்பம்.

   

ஆப்ஷன் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. ஓடுவதா வீசுவதா என்று ஆட்டத்தின் நடுவே முடிவுசெய்யும் இன்றைய ஆர்பிஓவில், குவார்ட்டர்பேக் பெரும்பாலும் எதிரணித் தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் பார்க்கிறார். அவன் ஓட்டத்தைத் தடுக்க முன்னேறினால், அவன் முதுகுக்குப் பின்னால் பந்து பறக்கும். கல்லூரி விதிப்படி பந்து வீசுவதற்கு முன், வீசும் அணியின் முன்வரிசை ஆட்களான லைன்மேன்கள் 3 கெஜம் வரை முன்னே போகலாம். தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் 1 கெஜம்தான். அதனால்தான் கல்லூரிகளின் சனிக்கிழமை ஆட்டங்களில் இது இன்னும் தாராளமாக நடக்கிறது.