இ-சிகரெட் டேங்கில் ஜூஸ் இருந்தும் ஆர்டிஏ-வில் (RTA, கம்பியும் பஞ்சும் நாமே மாற்றிக்கொள்ளும் டேங்க்) கருகல் வாடை அடிக்கிறது, பஞ்சைக் குறைத்தால் ஒழுகுகிறது. எங்கே தவறு?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: பிரிட்டனில் இருக்கிறீர்கள், ஒற்றைக் காயில் (coil, சூடேறும் கம்பிச் சுருள்) போடும் ஆர்டிஏ, 26 கேஜ் காந்தல் (Kanthal என்ற உலோகக் கலவை) கம்பி, 3 மி.மீ. உள்விட்டத்தில் 6 சுற்று, 25 வாட், 70 விஜி (கிளிசரின்) 30 பிஜி (புரோப்பிலீன் கிளைக்கால்) ஜூஸ். மூன்றாவது இழுப்பில் கருகுகிறது.

முதலில் ஒரு சோதனை. டேங்கை ஒரு நிமிடம் சும்மா நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரே ஒரு இழுப்பு இழுங்கள். அது சுத்தமாக இருந்து, அடுத்தடுத்து இழுக்கும்போதுதான் கருகினால், பஞ்சு வழியாக ஜூஸ் வந்து சேரத் தாமதமாகிறது என்று அர்த்தம். முதல் இழுப்பே கருகினால் காயிலில் எங்கோ ஒரு இடம் மட்டும் அதிகமாகச் சூடாகிறது, இல்லையென்றால் பஞ்சு ஏற்கெனவே தீய்ந்துவிட்டது. ஒருமுறை தீய்ந்த பஞ்சு எவ்வளவு ஜூஸ் குடித்தாலும் பழைய நிலைக்கு வராது. வெளியே வெள்ளையாகத் தெரியும். உருவிப் பார்த்தால் காயிலுக்குள் இருந்த பகுதி மட்டும் பழுப்பாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு மற்றதைச் சரிபார்ப்பது வீண் வேலை. மாற்றிவிட்டே தொடங்குங்கள்.

மூன்றாவது இழுப்பில் என்று நீங்கள் சொல்வதால் ஜூஸ் வரத்துதான் முதல் சந்தேகம். ஆனால் வாட்டும் கொஞ்சம் கூடுதல். கணக்குப் போட்டால் தெரியும்: 3 மி.மீ. உள்விட்டம், கம்பி 0.4 மி.மீ., ஆக ஒரு சுற்றுக்குச் சுமார் 10.7 மி.மீ. நீளம். 6 சுற்றுக்கு 64 மி.மீ. கால்களையும் (திருகுக்குப் போகும் இரண்டு கம்பி முனைகள்) சேர்த்தால் 0.85 ஓம் பக்கம் காட்டும். சுற்றிய கம்பியின் மேற்பரப்பு சுமார் 80 சதுர மி.மீ.தான். அதில் 25 வாட் கொடுத்தால் ஒரு சதுர மி.மீ.க்கு 0.3 வாட்டுக்கு மேல் போகிறது. சாதாரண ஒற்றைக் கம்பிக் காயிலுக்கு 0.2 முதல் 0.25 வரை வைத்தால் நிம்மதி. அதாவது 16 முதல் 20 வாட். காற்றுத் துளையைக் குறுக்கி இழுப்பவரென்றால் இன்னும் இரண்டு வாட் இறக்குங்கள். ஆவியை அள்ளிக்கொண்டு போகக் காற்று போதாவிட்டால் சூடு காயிலிலும் மூடியிலும்தான் தங்கும்.

புதுப் பஞ்சு போடும் முன் காயிலைப் பாருங்கள். பஞ்சில்லாமல் 10 வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்தினால், சிவப்பு நடுவில் தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் ஒரே வேகத்தில் பரவ வேண்டும். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால், பட்டனை விட்டுவிட்டு, செராமிக் இடுக்கியால் காயிலின் மேல் லேசாக நீளவாக்கில் நீவிவிட்டு மறுபடி அழுத்துங்கள். மூன்று நான்கு முறையில் சரியாகிவிடும். இரும்பு இடுக்கி வேண்டாம், சுற்றுகளுக்கு நடுவே மின்சாரம் அதன் வழியாகப் பாயும். காயிலை விடக் கால் முதலில் சிவக்கிறதென்றால் பெரும்பாலும் திருகு இறுகவில்லை, அல்லது திருகு இருக்கும் தூணுக்கும் காயிலுக்கும் நடுவே கால் நீண்டு நிற்கிறது. ஓம் அளவு 0.85, 0.92, 0.80 என்று தாவினாலும் அதே திருகுதான். அடுத்த சந்தேகம் 510 இணைப்பில் (டேங்கைப் பேட்டரிப் பெட்டியில் திருகும் இடம்) படிந்த ஜூஸ் பிசுக்கு.

உயரமும் முக்கியம். காற்றுத் துளைக்கு நேர் மேலே, சுமார் 2 மி.மீ. இடைவெளியில் காயில் இருக்கட்டும். மிகத் தாழ்ந்தால் ஜூஸ் துளைக்குள் சொட்டும். மிக உயர்ந்தால் சிம்னியில் (காயிலை மூடும் உலோகக் குழல்) உரசி ஷார்ட் ஆகும். சிம்னியைப் போட்டபிறகு ஓமை இன்னொரு முறை பார்க்காமல் பட்டனை அழுத்திச் சுடாதீர்கள்.

இனி பஞ்சு. நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இங்கேதான். "பஞ்சைக் குறைத்தேன்" என்றால் முழுப் பட்டையையும் மெலிதாக்கியிருப்பீர்கள். குறைக்க வேண்டியது வால் மட்டும், அதாவது காயிலுக்கு வெளியே தொங்கும் முனைகள். காயிலுக்குள் பஞ்சு நிறைந்துதான் இருக்க வேண்டும்: இழுக்கும்போது லேசாக முனகிக்கொண்டு வர வேண்டும், காயில் வளையக் கூடாது. தொளதொளவென்று வழுக்கி வந்தால் கம்பியில் ஒட்டாத இடங்களில் ஜூஸ் இருக்காது, அங்கேதான் கருகும். இரண்டு பக்கமும் வாலை டெக்கின் (காயில் பொருத்தும் அடித்தட்டு) வெளி விளிம்பு அளவுக்கு நேராக வெட்டுங்கள். பிறகு இடுக்கி நுனியால் வாலை மட்டும் சீவி, மூன்றில் ஒரு பங்கு பஞ்சை உதிர்த்துவிடுங்கள். ஜூஸ் வரும் பள்ளத்தில் அதை உட்கார வையுங்கள், குத்தித் திணிக்காதீர்கள். அகல்விளக்கில் திரியை எண்ணெய்க்குள் கிடத்துவது மாதிரி. பள்ளத்தின் வாய் முழுவதும் மூடியிருக்க வேண்டும், ஆனால் அடைபட்டிருக்கக் கூடாது. ஒரு மூலையில் ஓட்டை தெரிந்தால் ஒழுகும், இறுகினால் கருகும். உங்களுக்கு இரண்டும் மாறி மாறி வருவதற்குக் காரணம் இதுதான்.

டேங்கை மாட்டும் முன் வாலில் ஒரு சொட்டு ஜூஸ் விடுங்கள். ஓரிரு நொடியில் உறிஞ்ச வேண்டும். மேலேயே முத்தாக நின்றால் இன்னும் கொஞ்சம் சீவுங்கள். பிறகு பஞ்சு முழுவதும் ஊறும்வரை ஜூஸ் விட்டு, குறைந்த வாட்டில் இரண்டு முறை சுட்டுப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

மூடியபின் கண்ணாடியைக் கவனியுங்கள். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஜூஸ் பள்ளத்திலிருந்து இரண்டு மூன்று குமிழி மேலே எழும்ப வேண்டும். போன ஜூஸுக்குப் பதிலாகக் காற்று உள்ளே வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஐந்தாறு இழுப்புக்கும் குமிழி இல்லையென்றால் வால் இறுகியிருக்கிறது, அல்லது பள்ளத்துக்குள் காற்று சிக்கியிருக்கிறது. காற்றுத் துளையை மூடிக்கொண்டு, சுடாமல் ஒருமுறை மெதுவாக இழுத்தால் சிக்கிய காற்று விடுபடும். யாரும் இழுக்காமலே குமிழி வந்துகொண்டிருந்தால் பஞ்சு போதவில்லை, இல்லையேல் ஓ-ரிங் சரியாக உட்காரவில்லை.

ஒழுகலுக்கு இன்னொரு காரணம் ஜூஸ் நிரப்பும் முறை. பிரிட்டனில் சட்டப்படி டேங்க் 2 மி.லி.க்கு மேல் கூடாது, ஆகவே அடிக்கடி நிரப்புவீர்கள், அடிக்கடி இதே தவறும் நடக்கும். மேல்மூடியைத் திருகி மூடும்போது உள்ளிருக்கும் காற்று அழுந்தி, ஜூஸை காயில் அறைக்குள் தள்ளுகிறது. அப்போதுதான் கொளகொளவென்று சத்தம் வரும். ஜூஸ் வரத்துக் கட்டுப்பாட்டு வளையம் இருந்தால் அதை அடைத்துவிட்டு நிரப்பி, மூடியபின் திறந்துவிடுங்கள். வளையமில்லாத மாடலில் மூடும்போது காற்றுத் துளையை அடைத்து வையுங்கள்.

ஒரு வாரம் நன்றாக ஓடிவிட்டு பிறகு கருகினால் அது வேறு கதை. இனிப்பூட்டி கலந்த ஜூஸ் காயிலில் கறுப்பாகப் படிந்து அடையாகிவிடும், அடைக்கு அடியில் கம்பி கொதிக்கும். பஞ்சை எடுத்துவிட்டு, 10 வாட்டில் விட்டு விட்டுச் சுட்டு, ஆறியபின் தண்ணீரில் கழுவி மென்மையான தூரிகையால் தேய்த்தால் போதும். காந்தலுக்கும் ஸ்டீலுக்கும் இது சரி. டைட்டானியம், நிக்கல் கம்பியைச் சிவக்கச் சுடக் கூடாது.

பிறகு எஸ்எஸ்316 ஸ்டீல் கம்பிக்கு மாறி வெப்பக் கட்டுப்பாட்டில் (ஓம் ஏறுவதை வைத்து மாட், அதாவது பேட்டரிப் பெட்டி, சூட்டைக் கணிக்கும் முறை) ஓட்டும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள். குளிர்ந்த ஓம் அளவை மாடில் 'லாக்' செய்யும்போது காயில் ஆறியிருக்க வேண்டும். 20 டிகிரியில் 0.50 ஓம் இருக்கும் காயில் 60 டிகிரியில் சுமார் 0.518 காட்டும். அதைக் குளிர்ந்த அளவு என்று மாட் எடுத்துக்கொண்டால், நீங்கள் 220 என்று வைத்தது உண்மையில் 265 டிகிரிக்குப் பக்கம் போய்விடும். திரையில் 220 என்றே காட்டிக்கொண்டு பஞ்சைத் தீய்க்கும்.

கருகல் வாடையோடு தொடர்ந்து இழுப்பதை மட்டும் செய்யாதீர்கள். வறண்ட பஞ்சில் அதிகச் சூட்டுக்குப் போன விஜியும் பிஜியும் அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருள்களாகச் சிதையும். தொண்டையைக் கிழிக்கும் அந்த எரிச்சல் வெறும் சுவைக்கேடு அல்ல.

ஊருக்கு வரும்போது இந்த சாமானையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட் இறக்குமதி, விற்பனை, சேமிப்பு எல்லாமே சட்டப்படி தடை. வழியில் சிங்கப்பூரில் இறங்குவதாக இருந்தால் அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம்.