இரவல் கோட்டும் தொப்பி வில்லையும்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக நான்கு வருடமாகப் பின்லாந்தில், தம்பெரே நகரில் இருக்கிறேன். போன வாரம் அலுவலக நண்பர் ஒருவர் தன் தாத்தாவின் போர்க்காலப் படம் ஒன்றைக் காட்டினார். பனியில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் உடைக்கும் இன்னொருவர் உடைக்கும் சம்பந்தமில்லை. இரண்டு பேர் தலையில் ஜெர்மன் ஹெல்மெட். ஒருவர் போட்டிருப்பது பிரிட்டிஷ் பட்டாளத்துச் சட்டை என்று நண்பரே சொன்னார். ஓரத்தில் நிற்பவர் வீட்டு ஸ்வெட்டரும் பெல்ட்டுமாக. “இது ராணுவமா, கூலிப்படையா?” என்று விளையாட்டாகக் கேட்டேன். நண்பர் சிரிக்கவில்லை. நான் கேட்டது தப்பா? அடுத்தவன் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்ட படை அடுத்தவன் சண்டையைத்தானே போடும்?

எம்.

அன்புள்ள எம்.,

தப்பில்லை. ஆனால் நண்பர் சிரிக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஓரத்தில் நிற்கிறாரே ஸ்வெட்டர்காரர், அவர் உடைக்கு அந்த ஊரில் ஒரு பெயரே உண்டு: ‘மல்லி கயாண்டர்’. கயாண்டர் மாடல் என்று அர்த்தம்.

ஐமோ கயாண்டர் அப்போதைய பிரதமர். அடிப்படையில் வனவியல் பேராசிரியர். காடுகளை வகைபிரிப்பதில் பெரிய பெயர். 1939 ஆகஸ்டில் ஒரு பேச்சில், நம் கிடங்குகளில் துருப்பிடிக்கும் ஆயுதமும் வீணாகும் சீருடையும் குறைவு, அந்தப் பணம் மக்களின் வாழ்க்கைக்கும் கல்விக்கும் போயிருக்கிறது என்று பெருமையாகச் சொன்னார். அமைதிக் காலத்தில் யார் சொல்லியிருந்தாலும் நாமும் கைதட்டியிருப்போம். அக்டோபரில் ‘கூடுதல் பயிற்சி’ என்ற பெயரில் ரிசர்வ் ஆட்களைக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறக் கம்பளியில் 1936 மாடல் என்று ஒரு நல்ல சீருடை இருந்தது, ஆனால் வந்தவர்கள் எல்லாருக்கும் போதவில்லை. பலருக்குக் கையில் கிடைத்தவை மூன்றே பொருள்: துப்பாக்கி, பெல்ட், தொப்பியில் குத்திக்கொள்ள வெள்ளையும் நீலமுமாக ஒரு வட்ட வில்லை. மற்றதெல்லாம் அவரவர் வீட்டிலிருந்து. நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லையைத் தாண்டியது. மறுநாளே கயாண்டர் அரசு பதவி விலகியது. சிப்பாய்கள் அவர் பெயரை உடைக்கு வைத்துவிட்டார்கள். வசவுதான், ஆனால் கொஞ்சம் சிரிப்பும் கலந்த வசவு.

அந்த வில்லையை அற்பமாக நினைக்காதீர்கள். 1907 ஹேக் போர் விதிகள், முறையான ராணுவத்தில் சேராத தொண்டர் படைகளுக்குப் போர்வீரர் என்ற தகுதி வேண்டுமானால் என்ன வேண்டும் என்று சொல்கின்றன: பொறுப்பான ஒரு தலைவர், தூரத்திலிருந்தே தெரியும் நிலையான ஓர் அடையாளம், வெளிப்படையாக ஏந்திய ஆயுதம், போர் முறைகளை மதிப்பது. முழு உடுப்பு வேண்டும் என்று அதில் இல்லை. அதே விதிகள், எதிரியின் சீருடையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கின்றன. ஆக, கேள்வி துணி யாருடையது என்பதல்ல, அடையாளம் யாருடையது என்பது. நம் ஊர் சர்க்கார் கச்சேரியில் வில்லைச் சேவகர் என்று இருந்தார்களே, அவர்கள் வேட்டி எந்தக் கடையில் வாங்கியது என்று யாரும் கேட்டதில்லை.

சரி, இரவல் துணிக்கு வருவோம். அந்தக் குளிர்காலத்தில், 1940 ஜனவரி 16 அன்று, போர்முனையான கரேலியப் பூசந்தியில் வெப்பம் மைனஸ் 43 டிகிரி வரை இறங்கியது. துணி கேட்டார்கள், உலகமும் தருவதாகச் சொன்னது. பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் உதவிப் பட்டியலை வாசித்தார்: ஒரு லட்சம் ஓவர்கோட், ஒரு லட்சம் ஜோடிப் போர் உடுப்பு, எல்லாம் அனுப்பியாயிற்று என்று. அவர் அதை வாசித்தது மார்ச் 19. போர் மார்ச் 13 அன்றே முடிந்துவிட்டது. ‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே’ என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். பின்லாந்துக்காரர்கள் கந்தையை எறியவில்லை, அதனால் பிழைத்தார்கள். வீட்டில் பின்னிய காலுறை, கையுறை, உள்ளே அடுக்கடுக்காகக் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத் துணி உறை. அதைப் போர்த்திக்கொண்டால் உள்ளே சாம்பல் சீருடையா, பெரியப்பா கோட்டா என்று யாருக்குத் தெரியும்? எதிரில் வந்த செஞ்சேனைக்காரர்களிடம் முறையான சீருடை இருந்தது. ஆனால் தொடக்கத்தில் பலருக்கு வெள்ளை உறை இல்லை. பனியில் அந்தக் கறுத்த உருவங்கள் தூரத்திலேயே தெரிந்தன.

படத்தில் இருக்கும் ஜெர்மன் ஹெல்மெட்டைப் பார்த்ததும் உங்களுக்கு ஹிட்லர் ஞாபகம் வந்திருக்கும். அவசரப்பட வேண்டாம். 1918-லிருந்தே முதல் உலகப் போர்க் காலத்து ஜெர்மன் ஹெல்மெட்டுகள் அவர்களிடம் இருந்தன. பிறகு ஹங்கேரியது, செக் நாட்டுடையது, ஸ்வீடனுடையது என்று எது கிடைத்ததோ அது. ஒரே பிளட்டூனில் நான்கு நாட்டு மண்டைகள்!

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. 1941 ஜூனில் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து மீண்டும் சோவியத்தை எதிர்த்துப் போருக்குப் போனது. டிசம்பர் 6 அன்று, அவர்களுடைய சுதந்திர தினத்தில், பிரிட்டன் பின்லாந்து மீது போர் அறிவித்தது. கோட்டு அனுப்பிய அதே பிரிட்டன்தான். 1944 செப்டம்பரில் மாஸ்கோவோடு போர்நிறுத்தம். அதன் நிபந்தனைப்படி ஜெர்மானியரை நாட்டைவிட்டுத் துரத்த வேண்டும். வடக்கே லாப்லாந்தில் ஜெர்மானியரோடு சண்டை. தலையில் ஜெர்மன் ஹெல்மெட், எதிரிலும் ஜெர்மன் ஹெல்மெட். சட்டை கொடுத்தவன் சண்டையைத்தான் போடுவார்கள் என்றால் இந்தக் கணக்கு எப்படி நேராகும், சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு, அதை மறைத்தால் நியாயமில்லை. 1941 முதல் 1943 வரை சுமார் 1,400 பின்லாந்து இளைஞர்கள் ஜெர்மனியின் வாஃபன் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையில் சேர்ந்து உக்ரைனிலும் காகசஸிலும் சண்டையிட்டார்கள். அங்கே உடை மட்டும் இரவல் இல்லை. உத்தரவும் இரவல், பிரமாணமும் இரவல். அவர்களில் சிலர் யூதர்களையும் பொதுமக்களையும் கொன்றதில் பங்கெடுத்திருக்கலாம், அதற்கு வாய்ப்பு அதிகம் என்று பின்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகமே 2019-இல் அறிக்கை வெளியிட்டது. இந்தப் படையைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் நான் உங்கள் கட்சிதான்.

இதற்கு முன்னோடியாக இன்னொரு கதையும் உண்டு. அதை நான் எந்தப் பக்கத்தில் வைப்பது என்று இன்றுவரை தடுமாறுகிறேன். 1915-இல் ரஷ்யப் பேரரசின் குடிமக்களாக இருந்த பின்லாந்துப் பையன்கள் ரகசியமாக ஜெர்மனிக்குப் போய் ராணுவப் பயிற்சி எடுத்தார்கள். வெளியே தெரியக்கூடாது என்று அவர்களுக்கு முதலில் கொடுத்தது சாரணர் உடை! அப்புறம் பிரஷ்ய ராணுவத்தின் 27-வது யேகர் (இலகு காலாட்படை) பட்டாலியனாக அதே ஜாரின் படையை எதிர்த்து இன்றைய லாத்வியாவில் இருக்கும் ரிகா போர்முனையில் நின்றார்கள். ரஷ்யச் சட்டப்படி தேசத்துரோகம். 1918-இல் ஊர் திரும்பியவர்கள் பின்லாந்து ராணுவத்தின் முதுகெலும்பானார்கள். அந்த ராணுவத்தின் தலைமைத் தளபதி மன்னர்ஹெய்ம் யார்? முப்பது வருடம் ஜாரின் சீருடை போட்டவர்.

உங்கள் நண்பரின் படத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் சட்டை உண்மையென்றால் அது 1940-க்கு முந்தைய படமாக இருக்க முடியாது. எந்தக் குளிர்காலம் என்று தாத்தா பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். 1942 அல்லது 43 என்றால், அவர் தோழர் போட்டிருப்பது அப்போதைய எதிரி நாட்டுச் சட்டை. தொப்பி போட்டவர்களிடம் வில்லையைத் தேடுங்கள். அப்புறம் காலைப் பாருங்கள். முனை மேல்நோக்கி வளைந்த பூட்ஸ் தெரிந்தால் அது ‘பியக்சு’. பனிச்சறுக்குப் பலகையின் வாரில் அந்த வளைவை நுழைத்தால் போதும், அவசரத்துக்கு ஓர் உதறலில் காலை விடுவித்துக்கொள்ளலாம். ஸ்வெட்டர்காரர் காலில் அதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் எழுதுங்கள்.