உலக்கையும் கரைவலைக் கயிறும்

அண்ணா,
பல லேசர்களை அடுக்கி ஒத்தியங்க வைக்கும் லேசர் வரிசைகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் முல்லைத்தீவில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பத்து லேசரை அடுக்கினால் பத்து மடங்கு ஒளி கிடைக்குமே, அவற்றை ஒத்தியங்க வைக்க ஏன் இவ்வளவு பாடு என்று ஒரு மாணவன் கேட்டான். கடற்கரையில் நின்று பலர் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா என்ற தொழிற்பாட்டைப் பாடுவதுபோல, லேசர்களுக்கும் ஒரு தலைவன் வேண்டுமா?

அன்பு ரீச்சருக்கு,
பத்தும் தன்தன்பாட்டில் எரிந்தால் பத்து மடங்குதான். அலைகள் ஒரே கட்டத்தில், அதாவது முகடோடு முகடு சேர, எழுந்து விழுந்தாலும் மொத்தச் சக்தி அதே பத்துதான்; ஆனால் கற்றை ஒடுங்கிவிடும். தூரத்தில் அதன் நடுப்புள்ளி, ஒற்றை லேசர் தருவதைவிட 100 மடங்கு பிரகாசமாகும். அந்த நூறுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம்.

சரி, கிட்டக்கிட்ட வைத்தால் தாமாக இசையாதா? இசையும், பெரும்பாலும் நமக்கு வேண்டாத விதத்தில். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே உரலில் நெல் குத்துவார்கள். ஒருவரின் உலக்கை ஏற மற்றவருடையது இறங்கும். (மூன்றாவது உலக்கையோடு நானும் போய் நின்று வாங்கிய ஏச்சு தனிக்கதை.) நெருக்கி அடுக்கிய குறைகடத்தி லேசர்களும் அப்படித்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதி ஒளியை உறிஞ்சும். எதிரெதிர்க் கட்டத்தில் நின்றால் அங்கே ஒளி பூச்சியம், இழப்பும் குறைவு. அதனால் அந்த நிலையே வென்றுவிடும். கற்றை நடுவில் இருண்டு இரண்டாகப் பிளக்கும். 1665இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களில் கண்டதும் இந்த எதிராட்டம்தான்.

தலைவனை வைக்கிற முறையும் உண்டு: ஒரு லேசரின் ஒளியை மற்றவற்றுக்குள் செலுத்துவார்கள். எனக்கென்னவோ கரைவலையில் அம்பாவைவிடக் கயிறுதான் பெரிதாகப் படுகிறது. ஒருவன் தளர்ந்தால் மற்றவனின் உள்ளங்கைக்குத் தெரியும். நேரிலா ஊடகம், அதாவது உள்ளே போகும் ஒளியால் தானும் மாறுகிற பொருள், அந்தக் கயிறு.

காற்றில் இரண்டு கற்றைகள் குறுக்கிட்டால் ஒன்றையொன்று கவனிக்காமல் கடந்துபோகும். அப்படியொரு ஊடகமான பேரியம் டைட்டனேட் பளிங்கில் அப்படியல்ல. உள்ளே போன கற்றை கொஞ்சம் சிதறி, தன் சிதறலோடு தானே குறுக்கிட்டு, வெளிச்சமும் இருளுமாக வரிகள் போடும். வெளிச்சத்தில் கிடந்த மின்னேற்றங்கள் இருளுக்கு நகர, பளிங்கின் முறிவுச்சுட்டியும் (ஒளியை வளைக்கும் அளவு) வரிவரியாக மாறும். எதிர்ப்பக்கமிருந்து இரண்டாவது லேசரும் இதையே செய்கிறது. இரண்டுக்கும் பொருந்துகிற வரிகள் பலப்படும், மற்றவை மங்கும். கடைசியில் ஒன்றின் ஒளி, அந்த வரிகளில் பட்டு வளைந்து, மற்றது வந்த வழியே பின்னோக்கிப் போய் அதன் வாய்க்குள்ளேயே நுழைந்துவிடும். யாரும் கண்ணாடியைத் திருப்பிக் குறிபார்க்க வேண்டியதில்லை. பாதையை லேசர்களே எழுதிக்கொள்கின்றன. உங்கள் மாணவனுக்கு இந்த இடத்தை ஆறுதலாக விளக்குங்கள், அழகு முழுக்க இங்கேதான்.

அப்புறம் ஒரு சிக்கல். இரண்டின் அதிர்வெண்ணும் முன்பே மிக நெருங்கியிருந்தால்தான் பூட்டு விழும், அதாவது இரண்டும் ஒத்தியங்கும். 808 நானோமீற்றர் லேசர் ஒன்று ஒரு பாகை சூடேறினாலே அதன் அலைநீளம் ஏறத்தாழ 0.3 நானோமீற்றர் நகர்ந்துவிடும். பூட்டுக்கு அது மிகப் பெரிய தூரம். நம் சித்திரை வெயிலில், குளிரூட்டி இல்லாத அறையில், இதைச் செய்து பார்க்க நினைக்கவே வேண்டாம்.